ஸ்டிரைக்அவுட் எப்போது நஷ்டம்: ஸ்கோர் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போடும் முறை

பேஸ்பாலில் ஸ்டிரைக்அவுட் ஆகி, அதாவது பந்தைத் தவறவிட்டோ நல்ல பந்தைச் சும்மா விட்டோ மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட் ஆகித் திரும்பும் பேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அப்போது எத்தனை அவுட் ஆகியிருந்தது, எந்தெந்த பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி ஓடி வர வேண்டிய இடங்கள்) ஆள் நின்றார்கள், எதிரணியில் பந்தைப் பிடிப்பவர்கள் எப்படி. இது மூன்றும் தெரியாமல் "ஸ்டிரைக்அவுட் ஆனா டீமுக்கு நஷ்டம்" என்று சொல்வதிலும் பயனில்லை, "அவுட்னா அவுட்தான், எப்படி ஆனா என்ன" என்று சொல்வதிலும் பயனில்லை.

நான் மும்பையில், சயான் பக்கத்தில் ஒரு மைதானத்தில் பெண் பிள்ளைகள் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறேன். வேலை ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். அணியில் பெரும்பாலும் தாராவி, ஆன்டாப் ஹில், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். பதினாலு, பதினைந்து வயசு. வீட்டில் எல்லாருக்கும் கிரிக்கெட் தெரியும். அதனால் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கு ஸ்டிரைக்அவுட் என்பது போல்டு ஆனதுபோலவே தெரிகிறது. "பந்துல பேட் கூடப் படலையே அக்கா" என்று என்னிடம் வந்து வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்கிறது. அடுத்த முறை பேட் பிடிக்கும்போது அடிக்க வேண்டும் என்ற நினைப்பு போய், ஸ்டிரைக்அவுட் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் மனசில் நிற்கிறது. அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கைப் போடத் தொடங்கினேன். நீங்கள் ஸ்கோர் எழுதுகிறவராக இருந்தாலும் சரி, கோச்சாக இருந்தாலும் சரி, விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து அமெரிக்க ஆட்டம் பார்க்கிறவராக இருந்தாலும் சரி, இதே முறை போதும்.

வேண்டியது ஒரு ஸ்கோர் புத்தகம், மூன்று நிறத்தில் பேனா, ஒரு சின்ன அட்டவணை. அட்டவணைதான் முக்கியம்.

முதலில் அட்டவணை

மூன்று அவுட் ஆனால் ஒரு அணியின் இன்னிங்ஸ் முடிந்தது. அந்த இன்னிங்ஸின் எந்தக் கட்டத்திலும் இரண்டு கேள்விதான்: எத்தனை அவுட், எந்த பேஸில் ஆள். அவுட் பூஜ்யம், ஒன்று, இரண்டு என மூன்று நிலை. பேஸ்கள் காலியாகவோ நிரம்பியோ இருப்பதற்கு எட்டு வழி. மொத்தம் 24 கட்டங்கள். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வந்தது என்று கணக்கெடுத்தால் அந்த அட்டவணை கிடைத்துவிடும். டக்வொர்த்-லூயிஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: மிச்சமிருக்கும் ஓவர், மிச்சமிருக்கும் விக்கெட் என்று அங்கே பார்ப்பதுபோல், இங்கே மிச்சமிருக்கும் அவுட், பேஸில் நிற்கும் ஆள் என்று பார்க்கிறோம்.

அமெரிக்க மேஜர் லீக்கின் 2010 முதல் 2015 வரையான ஆட்டங்களுக்கு டாம் டேங்கோ என்ற ஆய்வாளர் தொகுத்த அட்டவணையை நான் அச்செடுத்து புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறேன். நமக்கு அடிக்கடி தேவைப்படும் எண்கள் கொஞ்சம்தான். யாரும் பேஸில் இல்லை, அவுட்டும் இல்லை என்றால் 0.48 ரன். ஒரு அவுட் ஆனால் 0.25. இரண்டு ஆனால் 0.10. முதல் பேஸில் ஒருவர் இருந்தால் இதே வரிசையில் 0.86, 0.51, 0.22. இரண்டாம் பேஸில் என்றால் 1.10, 0.66, 0.32. மூன்றாம் பேஸில் என்றால் 1.35, 0.95, 0.35. மூன்று பேஸும் நிரம்பியிருந்தால் 2.29, 1.54, 0.75.

ஒரு பேட்டர் வந்து போனதால் அணிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க, அவர் வருவதற்கு முன் இருந்த எண்ணையும் போன பிறகு இருக்கும் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ரன் வந்திருந்தால் அதையும் பின்னதோடு கூட்டிக்கொண்டு, முன்னதைக் கழியுங்கள். அவ்வளவுதான். கழித்தல் தெரிந்தால் போதும். எங்கள் அணியில் கணக்குப் பாடம் என்றாலே ஓடும் ஒரு பொண்ணு இருக்கிறாள், அவளே இதை மனசுக்குள் போட்டுச் சொல்லிவிடுகிறாள்.

ஒவ்வொரு கட்டமாகப் போட்டுப் பார்க்கலாம்

பேஸில் ஆள் இல்லை, அவுட் இல்லை. பேட்டர் ஸ்டிரைக்அவுட் ஆனால் 0.48 என்பது 0.25 ஆகிறது. நஷ்டம் 0.23. சரி, அவர் பந்தை ஓங்கி அடித்து, சென்டர் ஃபீல்டர் ஓடிப் போய்ப் பிடித்தால்? அப்போதும் 0.48 என்பது 0.25 தான். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) பக்கம் உருட்டி அவுட் ஆனாலும் அதேதான். மேஜர் லீக்கில் பேட்டர்கள் வரும் தடவைகளில் பாதிக்கு மேல் பேஸ்கள் காலியாகத்தான் இருக்கின்றன. அந்தப் பாதியில் அவுட்டுக்கும் அவுட்டுக்கும் தம்படி வித்தியாசம் கிடையாது. பார்வையாளர் கண்ணுக்கு மட்டும்தான் ஒன்று அவமானம், இன்னொன்று நல்ல முயற்சி.

இரண்டு அவுட் ஆன பிறகும் இப்படித்தான். எந்த விதத்தில் மூன்றாவது அவுட் விழுந்தாலும் இன்னிங்ஸ் முடிந்தது.

அடுத்த கட்டத்தில்தான் கதை திரும்புகிறது. முதல் பேஸில் ஆள், அவுட் இல்லை, கையில் 0.86. ஸ்டிரைக்அவுட் ஆனால் ரன்னர் அங்கேயே நிற்கிறார், 0.51. நஷ்டம் 0.35. மெதுவாக உருட்டி, தான் அவுட் ஆகி, ரன்னரை இரண்டாம் பேஸுக்கு அனுப்பினால் 0.66, அதாவது நஷ்டம் 0.20. இதுவரை ஸ்டிரைக்அவுட்தான் மோசம். ஆனால் அதே பந்தை இரண்டாம் பேஸ்காரர் நேராக வாங்கி டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட் ஆக்கிவிட்டால்? பேஸ் காலி, இரண்டு அவுட், 0.10. நஷ்டம் 0.76. ஸ்டிரைக்அவுட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பேட்டில் பட்டதே என்று கைதட்டிய பந்துதான் இன்னிங்ஸைக் கவிழ்த்திருக்கிறது.

டபுள் பிளே ஸ்கோர் புத்தகத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். யாரும் அதற்காகப் பேட்டரைத் திட்டுவதில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜிம் ரைஸ் 1984-இல் 36 தடவை உருட்டி அடித்து டபுள் பிளேயில் மாட்டினார். ஒரே சீசனில் அதற்கு மேல் யாரும் போனதில்லை. மொத்த ஆட்டக் காலத்துக்குப் பார்த்தால் 426 தடவையோடு ஆல்பர்ட் புஜோல்ஸ் முதலிடத்தில் இருக்கிறார். இருவருமே பெரிய பேட்டர்கள், இருவருமே பந்தைத் தொடத் தெரிந்தவர்கள். அந்தத் திறமைக்கு ஒரு விலை இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஸ்டிரைக்அவுட் ஆகிறவர் ஒரு அவுட்டைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார். அதே நேரத்தில் ரன்னர் அடுத்த பேஸைத் திருட ஓடி மாட்டினால் மட்டும்தான் இரண்டு போகும்.

இப்போது ஸ்டிரைக்அவுட் உண்மையிலேயே வலிக்கும் இடம். மூன்றாம் பேஸில் ஆள், ஒரு அவுட், 0.95. ஸ்டிரைக்அவுட் ஆனால் 0.35. நஷ்டம் 0.60. அவுட்ஃபீல்டுக்கு ஆழமாகத் தூக்கி அடித்து, அது கேட்ச் ஆகி, ரன்னர் உள்ளே ஓடி வந்தால் (இங்கே கேட்ச் பிடித்த பிறகும் ஓடலாம்) ஒரு ரன் சேர்ந்து, மிச்சம் 0.10, ஆக 1.10. அவுட் ஆனபோதும் 0.15 லாபம். இரண்டுக்கும் இடையே முக்கால் ரன் வித்தியாசம். பேஸ்பாலில் ஒரு அவுட்டுக்கும் இன்னொரு அவுட்டுக்கும் இவ்வளவு இடைவெளி விழும் இடம் மிகக் குறைவு. ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்து எறியும் பிட்சரின் தலைக்கு மேலேயே தூக்கிவிட்டு கேட்ச் கொடுத்தால் ரன்னர் நகர முடியாது, நஷ்டம் அதே 0.60. 'பேட்டில் பட்டது' என்பது மட்டும் போதாது, எங்கே போனது என்பதுதான் விஷயம்.

இரண்டாம் பேஸில் ஆள், அவுட் இல்லை என்ற கட்டமும் இந்த ஜாதிதான், கொஞ்சம் லேசாக. 1.10-இலிருந்து ஸ்டிரைக்அவுட் ஆனால் 0.66. வலப்பக்கம் உருட்டி ரன்னரை மூன்றாம் பேஸுக்குத் தள்ளிவிட்டு அவுட் ஆனால் 0.95. வித்தியாசம் 0.29.

மூன்று பேஸும் நிரம்பி, ஒரு அவுட் என்ற கட்டத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். ஸ்டிரைக்அவுட் 0.79 ரன் நஷ்டம், டபுள் பிளே 1.54 ரன் நஷ்டம் என்று வர வேண்டும்.

சீசன் முழுக்கச் சேர்த்தால்

இந்த ஏற்ற இறக்கங்களை எல்லாம் ஒரு சீசனுக்குச் சேர்த்துப் போட்டால், மேஜர் லீக்கில் ஒரு ஸ்டிரைக்அவுட் மற்ற அவுட்டைவிடச் சராசரியாக 0.01 முதல் 0.03 ரன் வரைதான் மோசம் என்று வருகிறது. மூன்றாம் பேஸில் இழப்பதை டபுள் பிளே தவிர்ப்பதில் பெரும்பாலும் மீட்டுவிடுகிறார்கள். அதாவது, ஒரே எண்ணிக்கையில் அவுட் ஆகும் இரண்டு பேட்டர்களில் ஒருவர் 100 ஸ்டிரைக்அவுட் கூடுதலாக ஆனால், அணிக்குப் போவது ஒன்றிலிருந்து மூன்று ரன். சுமார் பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது அங்கே பழகிப்போன கணக்கு. அதை வைத்துப் பார்த்தால், ஒரு சீசனில் ஒரு வெற்றியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

'ஒரே எண்ணிக்கையில் அவுட் ஆகும்' என்று சொன்னதை விட்டுவிடாதீர்கள், முழுக் கணக்கும் அதில்தான் நிற்கிறது. 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 171 தடவை ஸ்டிரைக்அவுட். லூயிஸ் அராயஸ் வெறும் 29 தடவை. அராயஸ் அந்த வருஷம் 0.314 சராசரியோடு, மேஜர் லீக்கின் ஒரு பாதியான தேசிய லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றார். மூன்று வருஷத்தில் மூன்று வெவ்வேறு அணிக்காக மூன்று பட்டம். பந்தைத் தொடுவதில் இன்றைக்கு அவருக்கு நிகர் இல்லை, எனக்கு மிகவும் பிடித்த பேட்டர். ஆனால் 100 தடவை பேட் பிடித்தால் எத்தனை தடவை பேஸுக்குப் போனார் என்று பார்த்தால் அவருக்குச் சுமார் 35, ஜட்ஜுக்குச் சுமார் 46. ஸ்டிரைக்அவுட் ஆகிக்கொண்டே இருந்தவர்தான் மொத்தத்தில் குறைவாக அவுட் ஆகியிருக்கிறார். 133 வாக் வாங்கினார் (நாலு மோசமான பந்தை விட்டால் இலவசமாக முதல் பேஸ்), பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி 58 ஹோம் ரன் அடித்தார், மறு பாதியான அமெரிக்க லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை ஒருமனதாகப் பெற்றார். அராயஸ் அடித்த ஹோம் ரன் நாலு.

இதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல பந்துக்காகக் காத்திருக்கிறவருக்கு இரண்டு ஸ்டிரைக் சீக்கிரம் ஏறிவிடும், அதே பொறுமைதான் வாக்கும் வாங்கித் தருகிறது. முழு பலத்தில் பேட்டைச் சுழற்றுகிறவருக்குத் தவறுவதும் அதிகம், பட்டால் பறப்பதும் அதிகம். ஒன்றை வாங்கினால் மற்றொன்றும் கூடவே வரும். ரெஜி ஜாக்சன் 2,597 ஸ்டிரைக்அவுட்டோடு இன்றும் அந்தப் பட்டியலில் முதல் ஆள். 563 ஹோம் ரன்னும் அவர் கணக்கில்தான் இருக்கிறது. ஒரே சீசனில் அதிகம் என்றால் மார்க் ரெனால்ட்ஸ், 2009-இல் அரிசோனாவுக்காக 223. அந்த சீசனில் அவர் 44 ஹோம் ரன் அடித்தார். ஒன்றை மட்டும் வாங்கி மற்றொன்றிலிருந்து தப்பிய அபூர்வப் பிறவி ஜோ டிமாஜியோ: மொத்த ஆட்டக் காலத்தில் 361 ஹோம் ரன், 369 ஸ்டிரைக்அவுட். அவரை அளவுகோலாக வைத்து யாரையும் அளக்கக் கூடாது.

அணிகளைப் பார்த்தாலும் நேர்க்கோடு கிடைக்காது. 2015-இல் லீக்கிலேயே மிகக் குறைவாக ஸ்டிரைக்அவுட் ஆன கான்சஸ் சிட்டி ராயல்ஸ், மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. 2023-இல் 1,654 தடவை ஸ்டிரைக்அவுட் ஆகிப் புதிய சாதனை படைத்த மினசோட்டா ட்வின்ஸ், அதே வருஷம் 778 ரன் எடுத்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. காலப்போக்கிலும் அப்படித்தான். 1968-இல் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக 5.9 ஸ்டிரைக்அவுட் ஆகி 3.4 ரன் எடுத்தது. 2019-இல் 8.8 ஸ்டிரைக்அவுட் ஆகி 4.8 ரன் எடுத்தது. 2018-இல் லீக் முழுக்க ஹிட்டைவிட (அடித்துப் பத்திரமாக பேஸுக்குப் போவது) ஸ்டிரைக்அவுட் அதிகமான முதல் சீசன் நடந்தது, 41,018 ஹிட்டுக்கு 41,207 ஸ்டிரைக்அவுட். ரன் வறண்டு போய்விடவில்லை. ஹோம் ரன் அந்த இடத்தை நிரப்பியது.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கதையை எதிர் உதாரணமாகச் சிலர் சொல்வார்கள். 2016-இல் 1,452 ஸ்டிரைக்அவுட், 724 ரன். 2017-இல் 1,087 ஸ்டிரைக்அவுட், 896 ரன், உலகத் தொடரும் கையில். ஆனால் அந்த வருஷம் அவர்கள் கேமரா வைத்து, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் சைகையைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்னார்கள் என்பது 2020-இல் விசாரணையில் உறுதியானது. என்ன பந்து வருகிறது என்று தெரிந்தால் ஸ்டிரைக்அவுட்டும் குறையும், ரன்னும் கூடும். அந்த எண்களை வைத்து நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். நீங்களும் வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது

இதுவரை ஸ்டிரைக்அவுட்டை இன்னொரு அவுட்டோடு ஒப்பிட்டோம். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு "வித்தியாசமே இல்லை" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அது பாதிக் கணக்கு. பேட்டில் பட்டு மைதானத்துக்குள் போகும் எல்லாப் பந்தும் அவுட் ஆவதில்லை. மேஜர் லீக்கில் அப்படிப் போகும் பந்துகளில், ஹோம் ரன்னை விட்டுவிட்டால், பத்தில் மூன்று ஹிட் ஆகிறது. பல வருஷமாக அந்த விகிதம் பெரிதாக நகர்வதே இல்லை.

அப்படியானால் பேஸ் காலி, அவுட் இல்லை என்ற அந்த முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போவோம். பந்து பேட்டில் பட்டால் பத்தில் மூன்று தடவை முதல் பேஸ், 0.86. ஏழு தடவை அவுட், 0.25. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 0.43. ஸ்டிரைக்அவுட் ஆனால் 0.25 மட்டும். ஆக, ஸ்டிரைக்அவுட் ஆனதால் போனது 0.18 ரன். இரண்டு பேஸ், மூன்று பேஸ் வரை போகும் ஹிட்டுகளைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பிட்சர்களை மதிப்பிடும்போது ஸ்டிரைக்அவுட்டுக்கு அவ்வளவு மதிப்பு கொடுப்பதும் இதனால்தான். மைதானத்துக்குள் விழுந்த பந்து ஹிட் ஆவதும் ஆகாததும் பெரும்பாலும் பிட்சர் கையில் இல்லை என்று வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் 2001-இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பிட்சிங் கணக்கு எல்லாமே அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

எனவே எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நடந்து முடிந்த ஒரு ஆட்டத்தை ஆராய்ந்தால், ஸ்டிரைக்அவுட்டை மற்ற அவுட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு பேட்டரிடம் 'உன் ஆட்டத்தை மாற்று' என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், மாற்றிய பிறகு அவர் அடிக்கப் போகும் பந்தோடு ஒப்பிடுங்கள். பயந்து போய் பேட்டைத் தொட்டு வைக்கிற அடியில் பத்தில் மூன்று ஹிட் வராது. ஹோம் ரன்னும் போய்விடும். கிடைப்பதும் இழப்பதும் அந்தந்தப் பேட்டரைப் பொறுத்தது.

நம்ம மைதானத்துக்குக் கணக்கை மாற்றுவது

அமெரிக்க எண்களை அப்படியே மும்பை மைதானத்துக்குக் கொண்டுவந்து "ஸ்டிரைக்அவுட் ஒன்றும் பெரிய விஷயமில்லை" என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது தவறான ஆலோசனை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேஜர் லீக் ஃபீல்டர்கள் தங்களிடம் வரும் வாய்ப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று எட்டுக்கு மேல் தவறில்லாமல் முடிக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் மழைக்காலம் முடிந்து ஆட ஆரம்பிக்கும்போது தரை குண்டும் குழியுமாகக் கிடக்கும். இரண்டாம் பேஸுக்குப் பின்னால் பக்கத்து கிரிக்கெட் ஆட்டத்தின் பிட்ச் வேறு ஓடுகிறது. அதன் விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஷார்ட்ஸ்டாப் பிடித்தாலும் முதல் பேஸுக்கு எறிவது இன்னொரு சோதனை. எங்கள் புத்தகத்தில் உருட்டி அடித்த பந்துகளில் ஏறக்குறைய பாதியில் பேட்டர் பத்திரமாக முதல் பேஸில் நிற்கிறாள்.

பாதி என்று வைத்து அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். 0.86-இல் பாதி, 0.25-இல் பாதி, கூட்டினால் சுமார் 0.55. ஸ்டிரைக்அவுட்டோடு வித்தியாசம் 0.30. அமெரிக்காவில் 0.18 ஆக இருந்த விலை இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல். டபுள் பிளேயும் எங்கள் வயசுப் பிள்ளைகளிடம் அபூர்வம், அந்தப் பக்கத்துச் சலுகையும் இல்லை. ஆகவே சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் பேட்டில் படவைப்பதற்கு உண்மையிலேயே மதிப்பு அதிகம். ஃபீல்டிங் முன்னேற முன்னேற அந்த மதிப்பு குறையும். எதிரணியைப் பார்த்து இதை முடிவு செய்யலாம். ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் பயிற்சி எடுக்கும்போது மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு எறிவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எறிவது சுத்தமாக இருந்தால் அமெரிக்கக் கணக்குப் பக்கம் சாயுங்கள். பந்து அடிக்கடி வேலிக்கு ஓடினால், இரண்டு ஸ்டிரைக் ஆனதும் பேட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விதியும் இங்கே பெரிதாகிறது. மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் சுத்தமாகப் பிடிக்காவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். அமெரிக்காவில் அது எப்போதாவதுதான் பலன் தரும். எங்கள் மட்டத்தில் கேட்சர் கையிலிருந்து பந்து நழுவுவது சகஜம். எங்கள் அணியில் ஒரு பொண்ணு ஸ்விங் தவறிய அடுத்த நொடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் முதல் பேஸுக்குப் பாய்வாள். கேட்சர் காலடியில் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவள் பாதித் தூரம் போயிருப்பாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்கு நடக்கிறார்கள். வெட்கப்பட வைத்ததால் வந்த நஷ்டம் அது. ஸ்டிரைக்அவுட் ஆனதும் ஓடு என்பதைப் பயிற்சியிலேயே பழக்குங்கள்.

சொந்த அட்டவணை செய்ய 24 கட்டம் வேண்டாம், சின்ன அணிக்கு அவ்வளவு ஆட்டம் சேராது. பேஸ் காலி, முதல் பேஸில் மட்டும் ஆள், இரண்டிலோ மூன்றிலோ ஆள் என்று மூன்றாகச் சுருக்குங்கள். அவுட் மூன்று நிலை. ஒன்பது கட்டம். ஒவ்வொரு பேட்டர் வரும்போதும் எந்தக் கட்டம் என்று எழுதி, இன்னிங்ஸ் முடிந்ததும் அந்த நொடியிலிருந்து எத்தனை ரன் வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். சீசன் முடிந்ததும் கூட்டி வகுத்தால் உங்கள் மைதானத்தின் எண் கிடைக்கும். அமெரிக்க எண்ணைவிட எல்லாமே பெரிதாக இருக்கும், பதற வேண்டாம். வாக்கும் தவறும் அவ்வளவு அதிகம் நம்மிடம்.

புத்தகத்தில் எழுத வேண்டியது

ஸ்விங் செய்து தவறினால் ஸ்டிரைக்அவுட்டுக்கான ஆங்கில 'கே' எழுத்தை நேராகவும், சும்மா நின்று மூன்றாவது ஸ்டிரைக் வாங்கினால் திருப்பியும் போடுவது உலக வழக்கம். அதோடு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பந்து பார்த்தாள். கடைசிப் பந்து ஸ்டிரைக் எல்லைக்குள் வந்ததா, வெளியே போனதைத் துரத்தினாளா. அப்போது எந்தக் கட்டம். நான் கட்டத்தை நீலத்திலும் மற்றதைச் சிவப்பிலும் எழுதுகிறேன்.

எட்டுப் பந்து பார்த்து, நல்ல பந்துக்கு முழு ஸ்விங் கொடுத்துத் தவறியவளிடம் எதுவும் சொல்லத் தேவையில்லை, பிட்சரைக் களைப்பாக்கிவிட்டு வந்திருக்கிறாள். தரையில் விழுந்த பந்தைத் துரத்தி மூன்றே பந்தில் திரும்பியவளிடம் பேச வேண்டும். அப்போதும் "ஏன் ஸ்டிரைக்அவுட் ஆனே" என்று கேட்காமல் "அந்தப் பந்தை ஏன் தேர்ந்தெடுத்தே" என்று கேளுங்கள். சும்மா நின்று அவுட் ஆனவளைத்தான் அம்மாக்கள் அதிகம் கடிந்துகொள்கிறார்கள். ஆனால் எல்லைக் கோட்டில் வந்த பந்தை விட்டதற்காக நான் ஒருத்தியையும் குறை சொல்ல மாட்டேன். அதே கண்தான் அவளுக்கு வாக் வாங்கித் தருகிறது.

அட்டவணையை மூடி வைக்க வேண்டிய ஒரு நேரமும் உண்டு. கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், நாம் பேட்டிங், மூன்றாம் பேஸில் ஆள், ஒரு அவுட். இங்கே சராசரி ரன் எத்தனை என்பது கேள்வியே இல்லை, ஒரே ஒரு ரன் வந்தால் ஜெயித்துவிட்டோம். ஸ்டிரைக்அவுட் ஆனால் அடுத்தவர் ஹிட் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எதிரணி தவறு செய்ய வேண்டும். எதிரணியின் உள்வட்ட ஃபீல்டர்கள் முன்னால் வந்து நின்றால் உருட்டுவதில் ஆபத்து, அவர்கள் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அவர்கள் பின்னால் நின்றால் உருட்டினாலே பெரும்பாலும் ரன். இதை பேட்டர் களத்துக்குப் போவதற்கு முன்னால் கோச் சொல்லிவிட வேண்டும், இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு ஓரத்திலிருந்து கத்தினால் காதில் ஏறாது. இந்தக் கட்டம் வந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பச்சை மையில் வட்டம் போட்டு வைக்கிறேன். அடுத்த வாரப் பயிற்சிக்கு எங்கள் கோச் சார் கேட்பது அந்தப் பக்கங்களைத்தான். மூன்றாம் பேஸில் ஒரு பொண்ணை நிறுத்தி, ஃபீல்டர்களை ஒரு தடவை முன்னாலும் ஒரு தடவை பின்னாலும் வைத்து, எல்லாரையும் வரிசையாக அடிக்க விடுகிறார்.